கடலே இல்லாத கீழப்பழுவூருக்கும் துறைமுக இரைச்சலுக்கும் என்ன சம்பந்தம்? ராத்திரி 45 டெசிபல் விதி யாருக்குப் பொருந்தும்?

அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூர் கடைத்தெருவில் நின்றுகொண்டு "இங்க துறைமுகச் சத்தம் கேக்குதா?" என்று யாரிடமாவது கேட்டால் சிரித்துவிடுவார்கள். கடற்கரைக்குப் போக கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் போகணும். ஆனால் அதே ஆளிடம் "ராத்திரி தூக்கம் எப்படி?" என்று கேட்டால் லாரியைப் பற்றித்தான் பேச்சு வரும்.

இந்த இரண்டு கேள்விக்கும் இடையில் ஒரு நேர்கோடு இருக்கிறது. சிமெண்ட் ஆலைச் சூளைக்கு நிலக்கரி வேண்டும். வெளிநாட்டு நிலக்கரி கப்பலில்தான் வரும். இந்தப் பகுதிக்கு அருகில் இருக்கிற முக்கியமான துறைமுகம் காரைக்கால். அங்கே இறங்கும் நிலக்கரி ரயிலிலும் லாரியிலும் டெல்டாவைத் தாண்டி உள்நாட்டுக்குப் போகிறது. கப்பலின் ஜெனரேட்டரில் தொடங்கும் சத்தம் கிரேன், கன்வேயர், கூட்ஸ் ரயில், டிப்பர் என்று கைமாறி ஊருக்குள் வந்து சேர்கிறது. துறைமுகத்தின் கடைசிக் கேட் எங்கே முடிகிறது என்பதுதான் பிரச்சினையே.

(ஒரு சின்ன தகவல். கீழப்பழுவூரில் கடல் இல்லை என்று சொல்வதுகூட இன்றைய கணக்குக்குத்தான். டைனோசர் காலத்தில் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அதற்குச் சாட்சியாகப் பக்கத்திலேயே வாரணவாசியில் புதைபடிம அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான் இன்று இத்தனை ஆலைகள், இத்தனை லாரிகள்.)

துறைமுகத்தில் அப்படி என்ன சத்தம்?

கப்பல் ஹாரன்தான் முதலில் நினைவுக்கு வரும். உண்மையில் அது எப்போதாவது கேட்பது. தொல்லை கொடுப்பது கப்பல் கரையில் கட்டிக் கிடக்கும்போது. மெயின் எஞ்சினை நிறுத்தினாலும் விளக்கு, குளிர்சாதனம், பம்பு எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டுமே. அதற்காகத் துணை எஞ்சின்கள் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். புகைபோக்கி வழியாக வரும் அந்த 'உம்ம்ம்' என்ற தாழ்ந்த சத்தம்தான் மோசம். தாழ்ந்த அதிர்வெண் சத்தம் சுவரையும் ஜன்னலையும் எளிதாகத் தாண்டும், ரொம்ப தூரம் போகும். தண்ணீர்ப் பரப்பின் மேல் இன்னும் நன்றாகப் பரவும். ராத்திரியில் தரை குளிர்ந்து, மேலே காற்று சூடாக இருக்கும் நேரத்தில் சத்தம் மேலே போகாமல் வளைந்து மறுபடியும் தரைக்கே வரும். பகலில் கேட்காத சத்தம் ராத்திரி கேட்பதற்கு, ஊர் அடங்கிவிட்டது என்பது மட்டுமே காரணம் இல்லை.

இதுபோக, கன்டெய்னரை வைக்கும்போது வரும் இரும்புச் சத்தம், வண்டி ரிவர்ஸ் எடுக்கும் 'பீப் பீப்', கன்வேயர் உருளைகள், ரயில் பெட்டிகள் மோதி இணையும் சத்தம். இவை விட்டுவிட்டு வருபவை. மனித மூளைக்குச் சீரான சத்தம் கொஞ்சம் பழகும். எப்போது வரும் என்று தெரியாத சத்தம் பழகாது.

சென்னைக்காரர்களுக்கு இது புதிதில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசையைப் பார்க்கலாம். எஞ்சினை அணைக்காமல், ஹாரனில் கை வைத்தபடி, வீடுகளை ஒட்டி. அதைத் தீர்க்கத்தான் துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலை. 2009இல் அடிக்கல் நாட்டி, 2012இல் வேலை நின்று, 2022 மே மாதம் ஈரடுக்குப் பாலமாக மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தூசுக்கு வழக்கு உண்டு, சத்தத்துக்கு?

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வதை 2011 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. காரணம் தூசு. காரைக்கால் துறைமுகத்தை ஒட்டிய நாகூர் பக்கத்து மக்கள் பல வருடமாகப் பேசி வருவதும் நிலக்கரித் தூசைத்தான். தூசு சட்டையில் படியும், தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும், விரலால் தொட்டு நீதிபதிக்கே காட்டலாம். சத்தத்தை அப்படிக் காட்ட முடியாது. லாரி போனதும் சாட்சியும் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் துறைமுகச் சத்தம் தனியொரு புகாராக எழும்பாமல் போனதற்கு இதுதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1987இல் காற்று மாசு தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோதே 'காற்றை மாசுபடுத்தும் பொருள்' என்பதில் சத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. நிம்மதியாகத் தூங்குவதும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையோடு சேர்ந்ததுதான் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று விரிவான தீர்ப்பே கொடுத்திருக்கிறது.

சுவருக்கு இந்தப் பக்கம் 70, அந்தப் பக்கம் 45

2000ஆம் ஆண்டு விதிகள் ஊரை நாலு வகையாகப் பிரிக்கின்றன. தொழிற்சாலைப் பகுதி என்றால் பகலில் 75, இரவில் 70 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. குடியிருப்புக்கு 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலத்துக்கு 50, 40. பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை.

இப்போது ஒரு துறைமுகத்தையோ ஆலையையோ நினைத்துக்கொள்ளுங்கள். காம்பவுண்ட் சுவருக்கு உள்ளே தொழிற்சாலைப் பகுதி, இரவில் 70 வரை சட்டப்படி சரி. சுவருக்கு வெளியே தெரு, வீடுகள், 45ஐத் தாண்டக்கூடாது. வித்தியாசம் வெறும் 25தானே என்று நினைக்காதீர்கள். டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 10 டெசிபல் ஏறினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு. 25 ஏறினால் முந்நூறு மடங்குக்கும் மேல். ஒரு சுவர் முந்நூறு மடங்கு சத்தத்தை விழுங்கிவிடும் என்று விதி எதிர்பார்க்கிறது.

எந்த இடம் எந்த வகை என்று அறிவிக்க வேண்டியது மாநில அரசு. நகரங்களிலேயே இது குழப்பம். நெடுஞ்சாலையை ஒட்டி வீடும் கடையும் பள்ளியும் கோவிலும் கலந்து கிடக்கும் கீழப்பழுவூர் மாதிரி ஊரில் கேட்கவே வேண்டாம்.

கீழப்பழுவூரில் என்ன நடக்கிறது?

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர் ஊர் என்று சொன்னால் போதும். ஆலந்துறையார் கோவில் பாடல் பெற்ற தலம். இன்றைய கீழப்பழுவூருக்கு இன்னொரு அடையாளம், சந்திப்பு. திருச்சியில் இருந்து லால்குடி, ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் போகும் தேசிய நெடுஞ்சாலை 81ம், அரியலூரில் இருந்து திருமானூர், திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் இது. ஊரை ஒட்டியே பெரிய சிமெண்ட் ஆலை ஒன்று. மாவட்டத்தில் அரியலூர் அரசு சிமெண்ட் ஆலை, ரெட்டிபாளையம், தாமரைக்குளம், கோவிந்தபுரம், தளவாய் என்று வரிசையாக ஆலைகள், அவற்றுக்கான சுரங்கங்கள்.

கல் ஏற்றிய டிப்பர், நிலக்கரி லாரி, சிமெண்ட் மூட்டை லாரி, தூளாகக் கொண்டுபோகும் பல்க்கர் என எல்லாமே சாலையில்தான். திருப்பத்தில் கியர் குறைக்கும் சத்தம், வேகத்தடையில் காலி டிப்பரின் தொட்டி எகிறி விழும் சத்தம், ஏர்ஹாரன். ஒரு கேட்டுக்குள் நடப்பதை ஊர் நடுவில் பிரித்துப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரவு 10 முதல் காலை 6 வரை 8 மணி நேரம், அதாவது 28,800 வினாடி. விதியில் சொல்லும் 45 டெசிபல் என்பது இந்த 8 மணி நேரத்தின் ஆற்றல் சராசரி. வீட்டு வாசலில் ஒரு கனரக லாரி 80 டெசிபலில் 10 வினாடி கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அசாதாரணமான அளவு இல்லை. மற்ற நேரமெல்லாம் நிசப்தம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஒரே ஒரு லாரியில் இரவு முழுக்க உள்ள 45 டெசிபல் தீர்ந்துவிடுகிறது. பத்து லாரி போனால் சராசரி 55. நாற்பது போனால் 61.

அந்த 55க்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. விதிகளின் 7ஆவது பிரிவுப்படி, வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினால் புகார் கொடுக்கலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அது 55. நம்ம கணக்குப்படி பத்தே லாரி!

சராசரி என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாற்பது முறை தூக்கம் கலைந்தவருக்கு அறிக்கையில் கிடைப்பது '61' என்ற ஒற்றை எண். எத்தனை தடவை விழித்தார் என்பது அதில் வராது. மேலும், விதியில் சொல்லும் டெசிபல் மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்திய அளவு. அந்தத் திருத்தத்தில் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மதிப்பு குறைத்துத்தான் கொடுப்பார்கள். கப்பல் ஜெனரேட்டர், ஆலை மின்விசிறி, சும்மா நிற்கும் லாரி எஞ்சின் எல்லாம் தாழ்ந்த அதிர்வெண் ஆட்கள். மீட்டரில் குறைவாகவும் படுக்கையறையில் அதிகமாகவும் தெரிவார்கள்.

சுரங்க வெடி என்ன கணக்கில் வரும்?

அது தனிக் கணக்கு. வெடி வைப்பது சில வினாடி சமாச்சாரம். பகலில்தான் நடக்கும். எட்டு மணி, பதினாறு மணி சராசரியில் கரைந்துபோகும். அதனால் அதைச் சத்தமாக அளப்பதைவிட நில அதிர்வாக அளக்கிறார்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டு சுற்றறிக்கைப்படி, சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு அதிர்வெண்ணைப் பொறுத்து வினாடிக்கு 5, 10, 15 மில்லிமீட்டர் என்று உச்சவரம்பு. பழமையான, எளிதில் பாதிக்கப்படும் கட்டடங்களுக்கு 2, 5, 10. சோழர் காலக் கோவில்கள் நிறைந்த மாவட்டத்தில் இந்த இரண்டாவது வரிசை எண்களை யாராவது கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. வெடி வைக்காமல் பாறையைச் சீவி எடுக்கும் 'சர்ஃபேஸ் மைனர்' இயந்திரங்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பயன்பாட்டுக்கு வந்திருக்கின்றன. அதில் வெடிச் சத்தம் இல்லை, எஞ்சின் சத்தம் உண்டு.

சத்தம் உடம்பை என்ன செய்யும்?

காது கேட்காமல் போவது ஆலைக்குள், கப்பலுக்குள் வேலை செய்பவர்களின் ஆபத்து. வெளியே குடியிருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. தூங்கும்போதும் காது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். முழுசாக விழிக்காவிட்டாலும் சத்தம் கேட்கும்போது இதயத்துடிப்பு கூடும், ரத்த அழுத்தம் ஏறும், கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் சுரக்கும். காலையில் எதுவும் நினைவில் இருக்காது, அசதி மட்டும் இருக்கும். வருடக்கணக்கில் இது நடந்தால் இதய நோய் அபாயம் கூடுகிறது என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். அதனால்தான் உலக சுகாதார அமைப்பு 2018இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலைச் சத்தம் இரவில் 45 டெசிபலுக்கும் ரயில் சத்தம் 44க்கும் கீழே இருக்க வேண்டும் என்றது. இந்திய விதியின் 45ம் கிட்டத்தட்ட அதே அளவுதான். எண்ணில் நாம பின்தங்கவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் ஆதாரம் இன்னும் தெளிவு. ஜெர்மனியில் மியூனிக் நகரின் பழைய விமான நிலையம் 1992இல் மூடப்பட்டு வேறு இடத்தில் புதியது திறக்கப்பட்டது. ஆய்வாளர்கள் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் முன்னும் பின்னும் சோதித்தார்கள். பழைய நிலையத்தை ஒட்டி இருந்த பிள்ளைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் தேறின. புதிய நிலையம் வந்த பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதே திறன்கள் சரிந்தன. அங்கே சத்தம் விமானம், இங்கே லாரி. ஆனால் ஜன்னலுக்கு வெளியே வண்டி போகும்போதெல்லாம் ஆசிரியர் நிறுத்தி நிறுத்திப் பாடம் நடத்தினால் வகுப்புக்கு என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை.

சத்தம் யாருடையது?

கேள்விகளிலேயே கஷ்டமானது இதுதான். கப்பல் இரண்டு நாள் நின்றுவிட்டுப் போய்விடும். கொடி ஒரு நாடு, முதலாளி இன்னொரு நாடு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒலி விதித்தொகுப்பு, கப்பலுக்குள் இருக்கும் ஊழியர்களைக் காக்கிறது. பெரிய கப்பல்களில் மாலுமியின் அறைக்குள் 55 டெசிபலைத் தாண்டக்கூடாது. நல்ல விதி. கரையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருப்பவருக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

லாரியும் அப்படித்தான். கேட்டைத் தாண்டியதும் அது ஆலையின் லாரி இல்லை, ஒப்பந்தக்காரர் லாரி. ஒப்பந்தக்காரரைக் கேட்டால் டிரைவர். டிரைவரைக் கேட்டால் லோடு நேரத்துக்குப் போகணும். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஆலைக்குள் அளந்தால் 70க்குள் இருக்கும், அறிக்கை சரியாக இருக்கும். ஊருக்குள் அளப்பது யார்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடங்கிய தேசிய ஒலி கண்காணிப்பு வலையமைப்பின் 70 நிலையங்களும் சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களுக்குள் அடக்கம்.

ஐரோப்பாவில் கொஞ்சம் வேறு மாதிரி. 2002ஆம் ஆண்டு ஒலி உத்தரவுப்படி பெரிய நகரங்கள் ஒலி வரைபடம் தயாரிக்கும்போது துறைமுகத்தையும் அதில் சேர்த்தே ஆகணும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஒயிட் பே சொகுசுக் கப்பல் முனையம் 2013இல் திறந்ததில் இருந்து பால்மெயின் பகுதிவாசிகள் ராத்திரி ஜெனரேட்டர் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லிச் சொல்லியே துறைமுக நிர்வாகத்தைத் தனி ஒலிக் கொள்கை வகுக்க வைத்தார்கள். ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், வான்கூவர் போன்ற துறைமுகங்கள் சேர்ந்து 'நெப்டியூன்ஸ்' என்ற திட்டத்தில் கப்பல்களின் சத்தத்தைத் தனித்தனியாக அளக்க ஒரே முறையை உருவாக்கின.

கப்பல் சத்தத்துக்கு நல்ல மருந்து கரை மின்சாரம். கப்பலின் ஜெனரேட்டரை அணைத்துவிட்டுத் துறைமுகத்தில் இருந்து கேபிள் போட்டு மின்சாரம் கொடுப்பது. லாஸ் ஏஞ்சல்ஸ் 2004இலேயே கன்டெய்னர் கப்பல்களுக்கு இதைத் தொடங்கியது. இந்தியாவில் 2023 மே மாதம் வந்த 'ஹரித் சாகர்' பசுமைத் துறைமுக வழிகாட்டுதல்கள் இதை வலியுறுத்துகின்றன. புகையைக் குறைக்கத்தான் சொல்கிறார்கள், சத்தம் குறைவது இலவச இணைப்பு. லாரிக்கு அப்படி ஒரே மருந்து இல்லை. புறவழிச்சாலை, ரயிலுக்கு மாற்றுவது, ராத்திரி நேரக் கட்டுப்பாடு, சாலைப் பள்ளங்களைச் சரிசெய்வது எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்யும். இதில் கடைசி விஷயம் மலிவானது, ஆனால் யாரும் அதை ஒலி மாசு வேலையாகப் பார்ப்பதில்லை.

புகார் எங்கே, எப்படி?

ஒலி விதிகளைச் செயல்படுத்தும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும், டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத போலீஸ் அதிகாரிக்கும் கொடுக்கப்படுகிறது. அதனால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது "சத்தமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாமல், '2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், பிரிவு 7' என்று குறிப்பிடுங்கள். ஆலை, சுரங்கம் என்றால் ஒரு நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. முதலமைச்சர் உதவி மைய எண் 1100. ராத்திரி ஹாரன் தொல்லைக்கு 2010 திருத்தத்தில் வந்த 5ஏ பிரிவு இருக்கிறது: குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் அவசரம் தவிர ஹாரன் அடிக்கக் கூடாது. பல சுருதி ஏர்ஹாரன் மோட்டார் வாகன விதி 119இன் கீழ் எந்த நேரத்திலும் தடைதான்.

செல்போன் ஆப்பில் அளந்த டெசிபல் சட்டப்படி ஆதாரம் ஆகாது. ஆனால் வாரியத்தை வந்து அளக்க வைக்க அது உதவும். ஒரு வாரம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை வண்டி என்று நோட்டில் எழுதி வைத்தால் அதற்கு இன்னும் மதிப்பு. அளக்க வருபவர்களிடம் ஆலை வாசலில் இல்லாமல் உங்கள் வீட்டு வாசலில், இரவு 10 மணிக்கு மேல் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2024 ஏப்ரலில் இருந்து சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்குச் சிறை இல்லை. ஜன் விஸ்வாஸ் திருத்தத்தால் அது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரையிலான அபராதமாக மாறிவிட்டது. பயம் குறைந்ததா, அபராதம் போடுவது எளிதாகிவிட்டதா என்பது இனி போடப்படும் உத்தரவுகளைப் பார்த்தால்தான் தெரியும்.

பெரிய ஆலை, சுரங்கம், துறைமுகம் எதுவாக இருந்தாலும், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் கீழ் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றிருந்தால் ஒவ்வொரு வருடமும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடிக்கிறோம் என்று அறிக்கை கொடுக்கணும். அதில் ஒலி அளவுகளும் இருக்கும், எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதும் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே போவதானால் பிரச்சினை முதலில் எழுந்த நாளில் இருந்து 6 மாதத்துக்குள் மனு போடணும். தாமதத்துக்குச் சரியான காரணம் சொன்னால் கூடுதலாக 60 நாள் கிடைக்கும்.